சிரிப்பு வீடியோவும் நாலு ஆங்கிலச் சொல்லும்
வாசகர் கேள்வி – பதில்

சிரிப்பு வீடியோக்களைப் பார்த்து அன்றாட ஆங்கிலச் சொற்களைப் பழகுவது பற்றிய கேள்விகளை இந்த முறை எடுத்திருக்கிறோம். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருப்பதால், அவற்றின் சரியான ஒலியை வீடியோவில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வருசம் சாதாரண தரம் எழுதப்போகிறேன். ஆள் சறுக்குவது, பூனை விழுவது என்று இங்கிலிஷ் கொமெடி வீடியோக்கள் நிறையப் பார்ப்பேன். பார்க்கேக்க எல்லாம் விளங்குது. ஆனால் ரீச்சர் ஒரு கேள்வி கேட்டால் ஒரு சொல்லும் வாயில் வருகுதில்லை. ஏன்?
— மாணவர், சாவகச்சேரி

தம்பி, உங்களுக்கு விளங்கினது படம். சொல் இன்னும் உங்களிடம் வரவில்லை. தேத்தண்ணித் தட்டோடு வருகிறவர் ஈரத் தரையில் சறுக்குகிறார் என்றால், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் சிரிப்பு வரும். அகராதி இல்லாமலே பொருள் தெரிந்துவிடுவது இந்த வகை வீடியோவின் பெரிய நன்மை. கெடுதலும் அதிலேதான் இருக்கிறது: கண் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் காது வேலை செய்யாது, வாய்க்கு வேலையே இல்லை. ஆகவே வாய்க்கு வேலை கொடுக்க வேண்டும்.

அரை நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரையான ஒரு வீடியோவை எடுங்கள். ஒரே ஒரு சம்பவம் இருக்க வேண்டும், யாராவது அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். வெறும் பாட்டு மட்டும் ஓடுகிற வீடியோ இதற்கு உதவாது.

முதல் தடவை, படத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்து வரிகளை நிறுத்திவிட்டு முழுதாகப் பாருங்கள், சிரியுங்கள். என்ன நடந்தது என்று கொப்பியில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். இரண்டாம் தடவை ஆங்கில வரிகளைப் போட்டுப் பார்த்து, ஐந்துக்கு மேற்படாமல் சொற்றொடர்களைக் குறியுங்கள். தனிச் சொல்லாக எழுத வேண்டாம். ‘ஸ்பில்’ என்று மட்டும் எழுதினால் பரீட்சைக்கு முதல்நாளே மறந்துபோகும். ‘ஸ்பில்ட் டீ ஓன் ஹிஸ் ஷேர்ட்’ என்று முழுத் துண்டாக எழுதினால் படமும் கூடவே வரும். மூன்றாம் தடவை ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி, கேட்ட அதே ஏற்ற இறக்கத்தில் சத்தமாகச் சொல்லுங்கள்.

நாலாவது தடவைதான் முக்கியம். சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுப் படம் ஓட ஓட நீங்களே ஆங்கிலத்தில் நடப்பதைச் சொல்லுங்கள். முதலில் திக்கும், அதனால் ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் திக்கினீர்களோ அந்த இடத்தை மட்டும் சத்தத்தோடு கேட்டுவிட்டுத் திரும்பவும் சொல்லிப் பாருங்கள். உங்களைப் போல எழுதிய பலர் முதல் மூன்றையும் செய்துவிட்டு இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த நாள் வீடியோவைத் திறக்க முதல், கொப்பியை மூடிவைத்து அந்த ஐந்தையும் நினைத்துப் பாருங்கள். பிறகு மூன்றாம் நாள், அதற்குப் பிறகு ஒரு கிழமை கழித்து. படித்தது முதல் ஒன்றிரண்டு நாளில்தான் வேகமாக மறந்துபோகும் என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே தன்மேல் சோதித்து எழுதியிருக்கிறார். ஒரே நாளில் பத்துத் தரம் பார்ப்பதைவிட, நாலு நாளில் நாலு தரம் பார்ப்பது நிற்கும்.

விழுகிற வீடியோக்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இவை. ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடுவதுதான் எங்கள் பிள்ளைகளின் வழக்கமான பிழை. வழுக்கினால், சறுக்கினால் ‘ஸ்லிப்ட்’. கல்லிலோ கயிற்றிலோ கால் தடக்குப்பட்டால் ‘ட்ரிப்ட் ஓவர்’. சைக்கிளில் இருந்தோ ஏணியில் இருந்தோ விழுந்தால் ‘ஃபெல் ஓஃப்’; நின்ற நிலையில் சரிந்தால் ‘ஃபெல் ஓவர்’. கையில் இருந்தது நழுவி விழுந்தால் ‘ட்ரொப்ட்’, மேசையில் இருந்ததைக் கை தட்டி விழுத்தினால் ‘நொக்ட் ஓவர்’. தேத்தண்ணி ஊத்துப்பட்டால் ‘ஸ்பில்ட்’, நாங்களாக ஊத்தினால் ‘போர்ட்’. கதவில் போய் இடிபட்டால் ‘பம்ப்ட் இன்டு’. தலை வாளிக்குள் மாட்டுப்பட்டால் ‘கொட் ஸ்டக்’.

இன்னொன்று. ‘ஸ்லிப்’பின் இறந்தகாலத்தை ‘ஸ்லிப்பெட்’ என்று வாசிக்கிறவர்கள் அதிகம். கடைசியில் ‘ட்’ மட்டும்தான்: ஸ்லிப்ட், ட்ரொப்ட், ட்ரிப்ட். வினைச்சொல்லே ‘ட்’, ‘ட’ ஒலியில் முடிந்தால் மட்டும் ஓர் அசை கூடும்: ஸ்டார்ட்டட், லேண்டட்.

ரியூசன் வகுப்பில் 8ஆம், 9ஆம் ஆண்டுப் பிள்ளைகள் 40 பேர் இருக்கிறார்கள். ரீவியில் ஒரு சிரிப்பு வீடியோ போட்டால் வகுப்பே கூத்தாகிப் பாடம் நடக்குதில்லை. எப்படிக் கட்டுப்படுத்துவது?
— ஆசிரியை, சுன்னாகம்

முதலில் ஒருதரம் முழுதாக ஓட விட்டுவிடுங்கள், ரீச்சர். சிரிக்க வேண்டியதைச் சிரித்து முடித்தால்தான் பிள்ளைகள் சொல்லைக் கவனிப்பார்கள். முதல் ஓட்டத்திலேயே நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டால் சத்தம் கூடுமே ஒழியக் குறையாது.

இரண்டாம் ஓட்டத்தில், கால் வாழைப்பழத் தோலுக்கு மேலே தூக்கியபடி இருக்கும் கணத்தில் நிறுத்துங்கள். ‘வாட்ஸ் கோயிங் டு ஹெப்பன்?’ என்று கேளுங்கள். ‘ஹி இஸ் கோயிங் டு ஸ்லிப்’ என்று வரும். இனி வேகத்தை 0.25க்குக் குறைத்து ஓட விடுங்கள். அரைச் செக்கனில் முடிகிற சறுக்கல் இரண்டு செக்கனுக்கு நீளும். அதற்குள் ‘ஹி இஸ் ஸ்லிப்பிங்’ என்று வகுப்பே சொல்லலாம். ஆள் தரையில் கிடக்கிற காட்சியில் நிறுத்தி ‘ஹி ஹேஸ் ஸ்லிப்ட்’. பிறகு ரீவியை நிறுத்திவிட்டு, ‘வாட் ஹெப்பன்ட்?’ என்று கேட்டால் ‘ஹி ஸ்லிப்ட்’. கரும்பலகையில் ஒரு மணித்தியாலம் விளக்க வேண்டிய நாலு காலங்களும் ஒரே விழுகையில் வந்துவிடும். ‘ஹேஸ் ஸ்லிப்ட்’ எப்போது வரும் என்ற சந்தேகம் எங்கள் பிள்ளைகளுக்கு உயர்தரம் வரைக்கும் போகிற ஒன்று. விழுந்தவர் இன்னும் எழும்பாமல் கண்முன்னே கிடப்பதைக் காட்டினால் அது தீரும்.

மூன்றாம் ஓட்டத்துக்கு வேறு வீடியோ வேண்டும். அரைவாசிப் பேரை ரீவிக்கு முதுகு காட்டி இருத்துங்கள். பார்க்கிறவர் சோடிப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்ல, பார்க்காதவர் கொப்பியில் கீறட்டும். பிறகு எல்லாரும் வீடியோவைப் பார்த்துக் கீறினதைச் சரிபார்க்கலாம். சொல்ல வேண்டிய வினைச்சொற்கள் நாலைந்தைப் பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் தமிழில் சொல்லிவிடுவார்கள்.

ஒரு நிமிட வீடியோ 40 நிமிடப் பாடத்தில் 25 நிமிடத்தை நிரப்பும், இரண்டுக்கு மேல் தேவைப்படாது. தகரக் கூரைக் கொட்டிலில் ரீவியின் சொந்த ஸ்பீக்கர் பின்வாங்குக்குக் கேட்காது. தனி ஸ்பீக்கர் ஒன்றை வகுப்பின் நடுவில் வையுங்கள். மடிக்கணினியில் யூரியூப் போடுகிறீர்கள் என்றால் ‘கே’ விசை நிறுத்தும், ‘ஜே’ 10 செக்கன் பின்னுக்குப் போகும், இடது அம்புக்குறி 5 செக்கன். நிறுத்திய நிலையில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அமத்தினால் படம் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக)ப் பின்னுக்கும் முன்னுக்கும் நகரும். கால் தோலில் படுகிற அந்தக் கணத்தைப் பிடிக்க இதுதான் வழி.

வீடியோவில் காதுக்குக் கேட்பது ஒன்று, கீழே எழுத்தில் வருவது வேறொன்று. எதை நம்புவது?
— கொக்குவில்

இரண்டு வகை எழுத்து வரிகள் இருக்கின்றன. ஆள் இருந்து எழுதினவை ஒன்று, இயந்திரம் தானாகக் கேட்டு எழுதுபவை மற்றொன்று. யூரியூப்பின் அமைப்பில் எழுத்து வரிப் பட்டியலைத் திறந்தால் இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் ‘தானாக உருவாக்கப்பட்டது’ என்ற கருத்தில் குறிப்பு இருக்கும். சிரிப்பு வீடியோவில் அது பிழைக்கிற இடங்கள் தெரிந்தவையே: சிரிப்பொலி மேலே விழும்போது, இரண்டு பேர் ஒன்றாகக் கத்தும்போது, சின்னப் பிள்ளை பேசும்போது, ஆள்பெயர் வரும்போது. கதைக்குப் பொருந்தாத சொல் திடீரென்று வந்தால் வரியை நம்ப வேண்டாம்.

ஆனால் பல நேரம் வரி சரி, காதுதான் பழகவில்லை. அமெரிக்கர்கள் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வருகிற ‘ட்’டை எங்கள் ‘ர’ போல நாக்கைத் தட்டிச் சொல்லுவார்கள். ‘வோட்டர்’ ‘வாரர்’ என்று கேட்கும், ‘கெட் அப்’ ‘கெரப்’ என்று, ‘ஷட் அப்’ ‘ஷரப்’ என்று. இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ‘டிட் யு’ ‘டிஜு’ ஆகும். ‘வாட் ஆர் யு டூயிங்’ என்பதில் நடுச்சொல் கிட்டத்தட்டக் காணாமற் போய் ‘வாட்ச்ச டூயிங்’ என்று வரும்.

விளங்காத இடத்தில் வேகத்தை 0.75க்குக் குறையுங்கள். 0.5க்குப் போக வேண்டாம். குரல் இழுபட்டு, எந்த அசை அழுத்தமானது என்பதே தெரியாமற் போய்விடும்.

தமிழ் வரிகளைப் போட்டுப் பார்க்கலாமா என்றும் இருவர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். கண் தமிழை வாசிக்கத் தொடங்கினால் காது ஆங்கிலத்தை விட்டுவிடும். அதோடு இயந்திர மொழிபெயர்ப்பு பகிடியைச் சொல்லுக்குச் சொல் மாற்றும். ‘ஹி இஸ் புல்லிங் யோர் லெக்’ என்றால் உன்னைப் பகிடி பண்ணுகிறான் என்று பொருள். திரையில் உங்கள் காலை இழுக்கிறான் என்று வந்து நிற்கக்கூடும்.

ஐந்தாம் ஆண்டு படிக்கிற மகன் நாள் முழுக்க இங்கிலிஷ் கார்ட்டூனும் ரீல்ஸும் பார்க்கிறான். நல்லாகப் பேசுகிறான் என்று சந்தோசப்பட்டோம். இப்ப ரீச்சரையே ‘ப்ரோ’ என்கிறானாம். நிறுத்தவா, விடவா?
— தாய், மானிப்பாய்

நிறுத்த வேண்டாம் அம்மா, பிரித்துக் காட்டுங்கள். வீட்டில் ‘டேய்’ என்று கூப்பிடுகிறவன் அதிபரைக் கண்டால் ‘சேர்’ என்கிறான் இல்லையா? தமிழில் அந்த இடம் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் இடம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். வீடியோவில் எல்லாரும் சிரிப்பதால் அந்தச் சொல்லின் பாரம் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

‘ப்ரோ’, ‘ட்யூட்’ இரண்டும் கூட்டாளிக்கு மட்டும். ‘ஷட் அப்’, ‘டேம்’, ‘கிரெப்’, ‘வாட் த ஹெல்’, ‘தட் சக்ஸ்’ ஆகியவை பெரியவர்களுக்கு முன்னால் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவற்றைத் தடுக்கும்போது பதிலுக்கு வேறு சொற்களைக் கையில் கொடுங்கள். நோவுக்கு ‘அவுச்’, தான் விட்ட சின்னப் பிழைக்கு ‘ஊப்ஸ்’, அருவருப்புக்கு ‘யக்’, தப்பினோம் என்ற நிம்மதிக்கு ‘ஃபியூ’, ஏதோ நடக்கப்போகுது என்ற பயத்துக்கு ‘அ-ஓ’. நாங்கள் இத்தனைக்கும் ஓர் ‘ஐயோ’வை வைத்துச் சமாளிக்கிறோம். பாடப்புத்தகத்தில் அரிதாகவே வருகிற இந்தச் சொற்கள் சிரிப்பு வீடியோவில் தாராளமாகக் கிடைக்கும்.

‘கொன்ன’, ‘வொன்ன’, ‘கொட்ட’, ‘லெம்மி’ என்று அவன் சொன்னால் பேச்சில் பிழையில்லை. ‘கோயிங் டு’, ‘வோன்ட் டு’, ‘கொட் டு’, ‘லெட் மி’ என்பவற்றின் குறுக்கம் அவை. ஆனால் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதினால் புள்ளி போகும். ரீல்ஸின் மேல் எழுதியிருக்கிற வரிகளை எழுத்துக்கூட்டலுக்கு ஒருபோதும் நம்ப வேண்டாம். ‘குட் ஹேவ்’ என்பது பேச்சில் ‘குடவ்’ என்று குறுகுவதைக் கேட்டு ‘குட் ஒஃப்’ என்று பிழையாக எழுதிவிடுகிறவர்கள் ஆங்கிலம் தாய்மொழியானவர்களிலும் இருக்கிறார்கள். நாய், பூனை வீடியோக்களில் செல்லத்துக்காக வேண்டுமென்றே எழுத்தைக் குலைத்தும் எழுதுவார்கள்.

செயற்கைக் குரல் வாசிக்கிற வீடியோக்களையும் குறையுங்கள். ஒரே எழுத்தில் இரண்டு ஒலிப்பு உள்ள சொற்களில் அது தடுமாறும். நேரடி ஒளிபரப்பு ‘லைவ்’, குடியிருப்பது ‘லிவ்’, இரண்டையும் மாற்றி வாசித்துவிடும். பிள்ளை அதையே பிடித்துக்கொள்ளும்.

ரீல்ஸில் இன்னொரு சிக்கல், ஒன்றைப் பார்த்து முடிக்க முதல் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடும். பிடித்ததைச் சேமித்து வைத்துவிட்டு, இரவில் நீங்கள் பக்கத்தில் இருந்து பத்து நிமிடம் அந்த ஒன்றை மட்டும் திரும்பப் போடுங்கள். யூரியூப்பில் தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்தி, கட்டுப்பாட்டுப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கென்றே தெரிந்தெடுத்தது வேண்டுமென்றால், பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலிஷ் கிட்ஸ் இணையத்தளத்தில் குட்டிக் கதை வீடியோக்களும் அவற்றுக்கான பயிற்சித் தாள்களும் இலவசமாக இருக்கின்றன.

எனக்கு 62 வயது. மகன் ரொறன்ரோவில். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகப்போகிறேன். அதுகள் இங்கிலிஷில்தான் கதைக்குங்கள். எனக்கு இனி இலக்கணம் படிக்க ஏலாது. சிரிப்பு வீடியோ பார்த்து நாலு சொல்லுப் பழகலாமா?
— பருத்தித்துறை

நிச்சயமாக முடியும் அம்மா. உங்களுக்கு இலக்கணமே தேவையில்லை. குழந்தைகள் செய்கிற குறும்பு வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். பிள்ளை சுவரில் கிறுக்கும், மாவைத் தலையில் கொட்டும். தாய் படம் எடுத்தபடி பேசுவார். பிள்ளையோடு பேசுகிறபடியால் அந்தத் தாய் மெதுவாக, தெளிவாக, ஒன்றையே நாலு தரம் சொல்லுவார். உங்களுக்கு வேண்டிய வசனங்களும் அவைதான். ‘கம் ஹியர்’, ‘பி கெயர்ஃபுல்’, ‘இட்ஸ் ஹொட்’, ‘டோன்ட் டச் இட்’, ‘கிவ் இட் பேக்’, ‘வொஷ் யோர் ஹேண்ட்ஸ்’, ‘புட் ஓன் யோர் ஷூஸ்’, ‘ஆர் யு ஹங்ரி?’, ‘வெயர் டஸ் இட் ஹேர்ட்?’ இவை வாயில் ஓடினால் ஒரு நாள் முழுக்கச் சமாளிக்கலாம்.

பொருள்களின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் குழந்தைக்குக் கட்டுவது ‘டயப்பர்’, லண்டனில் ‘நேப்பி’. தள்ளுவண்டி கனடாவில் ‘ஸ்ட்ரோலர்’, லண்டனில் ‘புஷ்செயர்’. சூப்பி கனடாவில் ‘சூதர்’, லண்டனில் ‘டம்மி’. வெளியில் போனால் மலசலகூடத்தைக் கனடாக்காரர் ‘வொஷ்ரூம்’ என்பார்கள். இந்த ஒரு சொல்லைப் போக முதலே பாடமாக்குங்கள்.

பேரப்பிள்ளைகளோடு தமிழை விட்டுவிட வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் தமிழில் சொல்லி, விளங்காமல் முழித்தால் ஆங்கிலத்தில் சொல்லி, திரும்பவும் தமிழில் சொல்லுங்கள். அதுகளுக்கு உங்கள் வாயில் இருந்து கிடைக்கிற தமிழ் வேறு எங்கும் கிடைக்காது.

நல்லூர்ப் பக்கம் விருந்தினர் விடுதி ஒன்றில் வேலை. வெள்ளைக்காரர் கேட்பது சட்டென்று விளங்குதில்லை. எப்படியான கொமெடி உதவும்?
— நல்லூர்

உணவகத்தில் நடக்கிற குட்டி நாடகங்கள். ஒளித்திருந்து ஏமாற்றும் பிராங் வீடியோக்கள் உதவாது: ஒலிவாங்கி தூரத்தில் இருக்கும், ஆட்கள் பதறிப் பேசுவார்கள். மேடையில் ஒருவர் தனியாக நின்று சொல்லும் நகைச்சுவை எல்லாவற்றிலும் கடினமானது. அந்த நாட்டு அரசியலும் விளம்பரமும் தெரியாமல் சிரிக்கவே முடியாது. பார்வையாளருக்கு முன்னால் படம் பிடித்த வீட்டுத் தொடர்கள் இடைநடுவானவை. சிரிப்பொலி அடங்கும்வரை நடிகர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் கேட்டதை மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம்.

உணவக நாடகத்தில் வாடிக்கையாளர் சொல்வதைப் படியுங்கள், பணியாளர் சொல்வதைப் பின்பற்ற வேண்டாம். சிரிப்புக்காகப் பணியாளரைத் துடுக்காகப் பேச வைத்திருப்பார்கள். கடைசியில் பிரித்தானியர் ‘பில்’ கேட்பார், அமெரிக்கர் ‘செக்’ கேட்பார். கட்டிக்கொண்டு போவது ஒருவருக்கு ‘டேக்அவே’, மற்றவருக்கு ‘டு கோ’. தண்ணீருக்கு ‘ஸ்டில்’ என்றால் சாதாரணம், ‘ஸ்பார்க்லிங்’ என்றால் வாயு ஏற்றியது.

‘ஐ கேன் ஈட் நட்ஸ்’, ‘ஐ கேன்ட் ஈட் நட்ஸ்’ இரண்டையும் மாறிக் கேட்டால் ஆபத்து. அமெரிக்கர் வாயில் கடைசி ‘ட்’ பெரும்பாலும் வெளியே வராது. ‘ட்’டைத் தேடாமல் அழுத்தத்தைக் கேளுங்கள்: முடியும் என்றால் ‘கன்’ என்று சுருங்கி ஓடி, அடுத்த சொல்லில் அழுத்தம் விழும், முடியாது என்றால் ‘கேன்’ முழுதாக, அழுத்தமாக நிற்கும். சந்தேகமென்றால் ‘நோ நட்ஸ்?’ என்று திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ‘டு யு மைன்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்று கேட்டால், இருக்கலாம் என்பதற்குப் பதில் ‘நோ, நொட் அட் ஓல்’. ‘யெஸ்’ என்றால் இருக்க வேண்டாம் என்று ஆகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் படித்த சொல்லும் அமெரிக்க வீடியோவில் வருகிற சொல்லும் வேறாக இருக்கிறது. எதைப் படிப்பது?
— ஊர்காவற்றுறை

பேசவும் எழுதவும் பள்ளிக்கூடச் சொல், கேட்டு விளங்க இரண்டும். எங்கள் பாடத்திட்டம் பிரித்தானிய வழி. ‘டோர்ச்’ அங்கே ‘ஃப்ளாஷ்லைட்’, ‘டேப்’ அங்கே ‘ஃபோசெட்’, ‘கியூ’ அங்கே ‘லைன்’, ‘பெட்ரோல்’ அங்கே ‘கேஸ்’. வில்லங்கம் தருபவை மூன்று: ‘பேண்ட்ஸ்’ அமெரிக்காவில் காற்சட்டை, பிரித்தானியாவில் உள்ளாடை. ‘சிப்ஸ்’ பிரித்தானியாவில் நீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு, அமெரிக்காவில் பைக்கற்றில் வருகிற மெல்லிய வட்டம். அழிறப்பரை எங்கள் வகுப்பில் ‘ரபர்’ என்பது சரி, அமெரிக்கரிடம் ‘இரேசர்’ என்றே கேளுங்கள். அங்கே மற்றச் சொல் ஆணுறையைக் குறிக்கும்.

‘ஹி இஸ் வெரி கொமெடி’ என்று சொன்னேன், வெளிநாட்டு மச்சான் சிரித்தார். என்ன பிழை?
— வட்டுக்கோட்டை

‘கொமெடி’ ஆங்கிலத்தில் ஆளைச் சொல்லாது, நாடகத்தையோ படத்தையோ சொல்லும். ஆள் பகிடியானவர் என்றால் ‘ஹி இஸ் வெரி ஃபனி’. கலியாண வீடு சந்தோசமாகப் போனது என்பதற்கு ‘ஃபனி’ போடக் கூடாது, ‘இட் வோஸ் ஃபன்’. ‘கொமெடி பண்ணாதே’ என்பதற்கு ‘ஸ்டொப் ஜோக்கிங்’. சும்மா சொன்னேன் என்றால் ‘ஐ வோஸ் ஜஸ்ட் கிடிங்’. இதே வகைப் பிழை ‘ஓஃப் த ஃபேன்’. ‘டேர்ன் ஓஃப் த ஃபேன்’ என்று வினைச்சொல் வேண்டும். ‘மை லெக் இஸ் பெய்னிங்’ என்பதைவிட ‘மை லெக் ஹேர்ட்ஸ்’.

தமிழில் விளக்கிச் சிரிப்புக் காட்டி இங்கிலிஷ் படிப்பிக்கும் வீடியோக்கள் நல்லதா?
— சண்டிலிப்பாய்

தொடக்கக்காரருக்கு நல்லது. ஐந்து நிமிடம் பார்த்து, முழு ஆங்கில வசனங்கள் எத்தனை காதில் விழுந்தன என்று எண்ணுங்கள். இருபதுக்குக் குறைந்தால் அது பொழுதுபோக்குத்தான்.

மிஸ்டர் பீன் பார்த்தால் இங்கிலிஷ் வருமா?
— இணுவில்

1990இல் தொடங்கிய அந்தத் தொடரில் பேச்சு மிகக் குறைவு, ஆகவே கேட்டுப் பழக ஒன்றும் இல்லை. ஆனால் முதல் பதிலில் சொன்ன நாலாவது வேலைக்கு, அதாவது படம் ஓட நீங்கள் சொல்லுவதற்கு, இதைப்போல் வசதியானது வேறில்லை. சொற்கள் கொஞ்சம் சேர்ந்த பிறகு பாருங்கள்.

டேட்டா சீக்கிரம் முடிகிறது. எந்தத் தரத்தில் பார்க்கலாம்?
— சங்கானை

360 போதும், தோராயமாக நிமிடத்துக்கு 5 எம்பி போகும். 1080இல் விட்டால் 20க்கு மேலும் போகலாம். யூரியூப் போடுகிற எழுத்து வரி எந்தத் தரத்திலும் தெளிவாகத் தெரியும். வீடியோவுக்குள்ளேயே பதித்த எழுத்து மட்டும் 144இல் கலங்கும், பேசுகிறவரின் உதட்டசைவும் தெரியாது.

ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாடமாக்கலாமா?
— மாணவி, கரவெட்டி

எழுத்து வரியில் சொல் இருக்கும்போது தமிழில் எழுதத் தேவையில்லை. தமிழ் எழுத்து ஒரு ஊன்றுகோல் அளவுக்குத்தான். ‘பிக்’ என்று எழுதி வைத்தால் பன்றியா, பெரியதா, எடுப்பதா என்று மூன்று நாள் கழித்து உங்களுக்கே தெரியாது. ‘பேன்’ என்றால் விசிறியா, சட்டியா, தடையா? நாங்கள் ரீச்சர், ரயர், ரொபி என்று ‘ட்’டுக்கு ‘ர’ எழுதிப் பழகினவர்கள் என்பதால், ‘ரிப்’ என்று குறித்தது தடக்குப்பட்டதா கிழிந்ததா என்ற சந்தேகமும் சேரும்.

எழுத்தைப் பார்த்து வாசித்து ஏமாறுகிற சொற்களுக்கு மட்டும் தமிழில் பக்கத்தில் குறியுங்கள். சமையல், அன்றாட வாழ்க்கை வீடியோக்களில் இவை அடிக்கடி வரும்: வெங்காயம் ‘அனியன்’, ‘ஒனியன்’ இல்லை. வெதுப்புவது ‘அவன்’, ‘ஓவன்’ இல்லை. மரக்கறி ‘வெஜ்டபிள்’, மூன்றே அசை. உடுப்புத் தேய்ப்பது ‘அயன்’, ‘ஐரன்’ இல்லை. சீப்பில் கடைசி எழுத்து ஒலிக்காது, ‘கோம்’. குழாய் திருத்துகிறவரில் அதே எழுத்து நடுவில் வந்தாலும் ஒலிக்காது, ‘ப்ளமர்’. பற்றுச்சீட்டு ‘ரிசீட்’, நடுவில் ‘ப்’ வராது. இந்தக் குறிப்புகளைப் பென்சிலில் எழுதுங்கள். வாய்க்குப் பழகியதும் அழித்துவிடலாம்.